கூழ்ப் பானையும் கஷாயப் புட்டியும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:38–41



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தபோது, நம் சபைச் சகோதரி ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே பச்சை நிறப் பொடி. "பாஸ்டர், முள்சீத்தா இலைப் பொடிங்க. எங்க அண்ணிக்கு மார்புல கட்டிங்கறாங்க. நீங்க தொட்டு ஜெபம் பண்ணிக் குடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போகாமலே சரியாயிருமுங்க" என்றார். "அண்ணிக்காக இப்போதே ஜெபிப்போம் அம்மா. இந்தப் புட்டிக்காக நான் ஜெபிக்க மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடியதைக் கண்டேன். புதன்கிழமைக்குள், பாஸ்டருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்ற பேச்சு தறிப்பட்டறை வரைக்கும் போய், திரும்பி என் காதுக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பேச்சுக்கு இந்த வாரத் தியானத்தில் பதில் எழுதுகிறேன். அந்தச் சகோதரியிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். வழக்கமான மென்மையை இன்று எதிர்பார்க்க வேண்டாம். காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

கில்காலில் பஞ்சம். எலிசா தம்மிடம் கூடியிருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரருக்குக் கூழ் காய்ச்சச் சொல்லுகிறார். ஒருவன் கீரை பறிக்க வெளியே போகிறான். ஒரு காட்டுக்கொடியைக் காண்கிறான். அதன் காய்களை மடி நிறையப் பறித்து வந்து, அரிந்து பானையில் போடுகிறான். அது இன்னதென்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. வாயில் வைத்ததும் சாப்பிட்டவர்கள் கூக்குரலிடுகிறார்கள்.

இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் அற்புதத்திற்காக மட்டுமே பிரசங்கித்தேன். பானையில் மாவு போட்டதையும், நஞ்சு நீங்கியதையும் சொல்லி முடித்துவிடுவேன். இப்போது வேறு இரண்டு காரியங்கள் என்னை உறங்கவிடாமல் செய்கின்றன. முதலாவது, காயைப் பறித்தவன் கெட்டவன் அல்லன். பசித்த சகோதரருக்காக வெயிலில் அலைந்தவன். அவனுடைய நல்ல மனது காயின் நஞ்சை எடுத்துப்போடவில்லை. இரண்டாவது, சாப்பிட்டவர்கள் கூச்சத்தால் வாயை மூடிக்கொள்ளவில்லை. தீர்க்கதரிசியின் பந்தி என்றும், பறித்து வந்தவன் மனம் நோகும் என்றும் பார்க்கவில்லை, கூவினார்கள். அந்தக் கூக்குரல் எழாதிருந்தால் அற்புதத்திற்கு முன்பே மரணம் வந்திருக்கும்.

நான் ஒருமுறை கூவாமல் இருந்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் சபையில் தறி ஓட்டும் குடும்பத்துச் சகோதரி ஒருவருக்கு மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. சேலத்தில் பார்த்த மருத்துவர், அறுவைச் சிகிச்சையும் அதன்பின் மருந்தும் எடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்றார். அந்த மாதம் நம் சிறப்புக் கூட்டத்திற்கு வந்த ஒரு பிரசங்கியார், கூட்டம் முடிந்ததும் மூலிகைக் கஷாயப் புட்டிகளை விற்றார். புட்டியின் மேல் எசேக்கியேல் 47:12 என்று அச்சிட்டிருந்தது. பிரசங்க மேடையை அவருக்குக் கொடுத்தவன் நான். அந்தச் சகோதரியின் புட்டியின்மேல் கை வைத்து ஜெபித்தவனும் நான். என் உள்ளத்தில் ஐயம் இருந்தது. வந்த விருந்தினரை அவமதிக்கலாமா என்று எண்ணி அடக்கிக்கொண்டேன். எட்டு மாதங்களுக்குப் பின் கட்டி உடைந்து புண்ணான நிலையில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அவருடைய கணவர் என்னை இன்றுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. உயிர்த்தெழுதல் ஞாயிறு அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் அவர் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவரை நேருக்கு நேர் பார்க்க என்னால் முடிவதில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த காரணம். இனி நம்மிடையே உலாவும் வாதங்களுக்கு வருகிறேன்.

செடிகளைக் கர்த்தர் படைத்தார், ஆகவே செடியிலிருந்து வருவது தீங்கு செய்யாது என்பது முதல் வாதம். ஆட்டையாம்பட்டியில் இருந்துகொண்டு இப்படிப் பேச நமக்கு எப்படி நா எழுகிறது? நம்மைச் சுற்றி மரவள்ளிக்காடு. மரவள்ளி இலையையோ தோலையோ பசுமையாகத் தின்ற ஆடு சுருண்டு விழுவதைப் பார்த்தவர்கள் நாம். அதிலுள்ள லினாமரின் என்னும் பொருள் உடலில் சயனைடை விடுவிக்கிறது. தோல் நீக்கி, ஊறவைத்து, வேகவைத்தே உண்ண வேண்டும் என்று நம் பாட்டிமார் கற்றிருந்தார்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் அரளி பயிரிடுகிறோம். பூவை மாலைக்கு அனுப்புகிறோம், அதன் விதையைக் குழந்தை கையில் கொடுப்போமா? செடியைப் படைத்தவர் அதில் நஞ்சு எது, உணவு எது, மருந்து எது என்று பகுத்தறியும் புத்தியையும் படைத்தார். புத்தியை வீட்டில் வைத்துவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்வது படைப்பை மதிப்பதாகாது.

மரவள்ளியில் உள்ள அதே வகைப் பொருள்தான் ஆப்ரிகாட் கொட்டையிலும் இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலின். அதை 'லேட்ரில்' என்றும் 'பி-17 வைட்டமின்' என்றும் பெயரிட்டு, புற்றுநோய்க்கு மருந்தென்று அமெரிக்காவில் 1970களில் விற்றார்கள். அது வைட்டமினே அல்ல. மேயோ கிளினிக் மருத்துவர்கள் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவரும் குணமாகவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு நச்சு அளவை நெருங்கியிருந்தது. அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் இந்தச் சிகிச்சையை நாடி மெக்சிகோ சென்று, 1980இல் அங்கேயே இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பொய்யென்று முடிவான அதே செய்தி இன்று நம் கைபேசிக்குப் புது ஆடை உடுத்தி வருகிறது. முள்சீத்தாவும் இப்படித்தான். கரீபியன் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் மிகுந்து காணப்பட்டதாக 1999இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்தென்று நீங்கள் குடிக்கும் இலைக்கு இப்படியொரு மறுபக்கம் இருப்பதை, அதை விற்றவர் உங்களிடம் சொன்னாரா?

இரண்டாவது வாதம்: செடிகளில் மருந்து இருப்பதை ஆங்கில மருத்துவர்கள் மறைக்கிறார்கள் என்பது. பிரியமானவர்களே, நம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தச் சகோதரியின் கல்லறையோரம் தானாக முளைத்து, ஆண்டு முழுதும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது நித்தியகல்யாணி. ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டு முற்றத்தில் வைக்கமாட்டார்கள். மடகாஸ்கரில் பிறந்த செடி அது. 1952இல் ஜமைக்காவிலிருந்து, நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிற இலை என்று அதன் இலைகள் கனடாவுக்குத் தபாலில் போயின. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் ஆய்வு விலங்குகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்த ஒரு தடயத்தைப் பிடித்துக்கொண்டு உழைத்து, 1958இல் வின்பிளாஸ்டைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்த வின்கிரிஸ்டைன் 1963இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. முன்பெல்லாம் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை ஏறக்குறைய சாவது உறுதி. மற்ற மருந்துகளோடு வின்கிரிஸ்டைனும் சேர்ந்தபின், நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் அத்தகைய குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இந்த மருந்து நம் ஊர் மருத்துவமனைகளிலும் அன்றாடம் ஏற்றப்படுகிறது. நீங்கள் பயந்து ஓடுகிற 'கீமோ'வில் பாதிக்கதை இதுதான்: செடியை விட்டு ஓடுகிறீர்கள், செடியைத் தேடி!

இது ஒன்றோடு முடியவில்லை. பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து பாக்லிடாக்சலைக் கண்டவர்கள் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும். 1971இல் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள், 1992இல் அது மருந்தானது. அதே இருவரும் சீன மரமொன்றில் 1966இல் கண்ட கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றிலும் உண்டென்று 1972இல் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் முதல்வரான வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. செடியின் மருந்தை மறைத்தவர்கள் எங்கே? வாழ்நாளெல்லாம் தேடி எடுத்தவர்களைத்தான் காண்கிறேன்.

அப்படியானால் நித்தியகல்யாணி இலையையே அரைத்துக் குடிக்கலாமே என்று ஒருவர் கேட்பார். கூடாது; அதற்கான காரணத்தைத் தறிக்காரர்களாகிய உங்களுக்கு எளிதில் விளக்கலாம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் கட்டப்பட்டு, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுக்கின்றன. வின்கிரிஸ்டைன் அந்த இழை உருவாகாமல் தடுக்கிறது. பாக்லிடாக்சல் கட்டிய இழை அவிழாமல் இறுக்கிவிடுகிறது. பாவு ஓடாத தறியில் துணி வருமா? அணு பிரியாமல் மடிகிறது. வேகமாகப் பிரியும் மயிர்க்கால் அணுக்களும் அடிபடுவதால் முடி உதிர்கிறது. இவ்வளவு வலிய பொருள் அந்த இலையில் மிகச் சொற்பம். ஒரு கிராம் எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட பிற ஆல்கலாய்டுகள் அதில் இருக்கின்றன. மருத்துவர் ஒரு முறைக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டைன் பெரியவருக்கும் பொதுவாக இரண்டு மில்லிகிராமைத் தாண்டாது. அதையும் நரம்பில் மட்டுமே ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் உயிர் போகும். இப்படி அளந்து கொடுக்க வேண்டிய பொருளைக் கைப்பிடி இலையும் இரண்டு டம்ளர் தண்ணீருமாகக் காய்ச்சினால், எத்தனை மில்லிகிராம் என்று யார் சொல்வது? மருந்துக்குப் போதாமலும் நஞ்சுக்கு மிஞ்சியும் அது நிற்கும்.

மூன்றாவது வாதம் சாட்சி. இன்னார் குடித்தார், குணமானார் என்கிறார்கள். சாட்சியை மதிக்கிற சபை நாம். ஆகவே அதைச் சோதிக்கவும் கடமைப்பட்டவர்கள். குணமானவருக்கு உண்மையில் புற்றுநோயா, திசுப் பரிசோதனை செய்தார்களா? அறுவைச் சிகிச்சை முடிந்தபின் கஷாயம் குடித்தாரா? கத்தி செய்ததைக் கஷாயத்தின் கணக்கில் எழுதுகிறோமா? எல்லாவற்றிற்கும் மேலாக, குடித்து இறந்தவர்கள் எந்த மேடையில் ஏறிச் சாட்சி சொல்வார்கள்? நம் சகோதரி கஷாயம் குடித்த முதல் மாதம், வலி குறைந்தது என்று இதே சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அந்தச் சாட்சி காணொளியாகப் பல ஊர்களுக்குப் போயிற்று. அவருடைய அடக்கம் எந்தக் காணொளியிலும் வரவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், பரவாத நிலையில் புற்றுநோய் கண்டும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தெரிந்துகொண்ட 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். மாற்று வழி போனவர்களுக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அந்த ஐந்து மடங்கில் ஒருத்தியை நான் அறிவேன்.

நான்காவது வாதமே எனக்கு அதிக வலி தருவது: மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்பது. ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்று 2 நாளாகமம் 16ஐ என் முன் நீட்டுகிறார்கள். அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் முன்னே படியுங்கள்: தன்னிடம் உண்மையைச் சொன்ன ஞானதிருஷ்டிக்காரனை அவன் சிறையில் அடைத்தான். கர்த்தரை விட்டு விலகியதே அவன் பாவம்; வைத்தியரிடம் போனது அல்ல. எசேக்கியா கண்ணீரோடு ஜெபித்தான். ஜெபம் கேட்கப்பட்ட பின்னும் அத்திப்பழப் பத்துப் போடச் சொல்லப்பட்டது. அக்காலம் அறிந்த மருந்தை ஜெபம் தள்ளவில்லை. பவுலின் உடன்பயணி லூக்கா ஒரு வைத்தியர். வைத்தியர்களிடம் தன் ஆஸ்தி எல்லாம் செலவழித்தும் குணமடையாத ஸ்திரீயைச் சுட்டுகிறீர்களா? அவளுடைய பணத்தை வாங்கிக்கொண்டு நோயை வளரவிட்டவர்களுக்கு இன்று யார் வாரிசுகள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எசேக்கியேல் கண்ட மரங்களின் இலைகளோ, பரிசுத்த ஸ்தலத்திலிருந்து புறப்படும் நதியோரம் நிற்பவை. அவற்றை யாரும் புட்டியில் அடைத்து விலை போட முடியாது. போட்டவன் வேதத்தை விற்றவன்.

நம் முன்னோர் இவ்வாறு நினைக்கவில்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஐ. எம். ஓர், புகையிலையோடு வெற்றிலைபாக்கு மெல்வதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1933இலேயே எழுதினார். அதுவும் ஊழியமே. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். அங்கே தம் வாழ்நாளைக் கொடுத்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறைந்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சுமந்த சமாரியனை அவர்களிடம் காண்கிறேன். வசனம் அச்சிட்ட புட்டி விற்றவரிடம் காணவில்லை. அதே 1954இல்தான், புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டமும் வந்தது. நாட்டின் சட்டம் தடுப்பதைச் சபையின் மேடை அனுமதிக்கலாமா?

சித்த வைத்தியத்தையோ, வீட்டில் வைக்கும் சுக்குக் கஷாயத்தையோ நான் பழிப்பதாக எண்ணவேண்டாம். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள்; அது நல்லது. ஆனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும்போது எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் உங்கள் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு குற்றத்தை நம் மேலேயே சுமத்துகிறேன். நம் மக்கள் ஏன் புட்டியை நாடுகிறார்கள்? அறியாமை மட்டும் காரணமல்ல. கட்டி என்று வெளியே சொன்னால் மகளின் வரன் தட்டிப்போகும் என்ற பயம். முடி கொட்டிய தலையோடு ஆராதனைக்கு வந்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். தறியை நிறுத்தினால் அந்த வாரக் கூலி இல்லை. பெரிய மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பதென்று சொல்ல ஆளில்லை. புட்டி விற்கிறவரோ வீட்டுக்கே வருகிறார், உட்கார்ந்து பேசுகிறார், கண்ணீரைத் துடைக்கிறார். சபை செய்ய வேண்டியதை அவர் செய்து, அதற்கு விலையும் வாங்கிக்கொள்கிறார். நாம் விட்ட இடத்தில்தான் அவர் நுழைந்தார்.

ஆகவே சபைக் குழுவோடு பேசி முடிவு செய்தவற்றை இங்கே அறிவிக்கிறேன். இனி நம் மேடையிலும் வளாகத்திலும் எந்த மருந்தும் விற்கப்படாது. மருத்துவச் சான்று பார்க்காமல் நோய் நீங்கிய சாட்சி ஒளிபரப்பப்படாது. கட்டி, ஆறாத புண், காரணமற்ற இரத்தப்போக்கு என்று யார் என்னிடம் வந்தாலும், ஜெபித்த அந்த வாரத்திலேயே சபையிலிருந்து ஒருவர் அவரோடு சேலம் அரசு மருத்துவமனைக்குத் துணை போவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் சேர்த்து அட்டை எடுக்க வாலிபர் சங்கத்தார் உதவுவார்கள். மருந்து ஏற்றும் நாட்களில் அந்த வீட்டுக்குச் சோறு போவது பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு. மருத்துவர்களால் இனிக் குணமாக்க இயலாதென்ற நிலை வருமானால், அப்போதும் தனியே விடமாட்டோம். அபினிச் செடியிலிருந்து வந்த மார்ஃபின் வலியைத் தணிக்கும். அதையும் மருத்துவர் அளந்து கொடுப்பார். நாம் அருகிலிருந்து கையைப் பிடித்துக்கொள்வோம்.

புட்டி கொண்டுவந்த சகோதரி வெள்ளிக்கிழமை மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர், அண்ணி வர்றேங்கறாங்க. ஆனா நீங்களும் கூட வரோணுங்க" என்றார். திங்கட்கிழமை காலைப் பேருந்தில் போகிறோம். பதினோரு ஆண்டுகள் தாமதித்துப் புறப்படுகிற போதகனுக்காகவும் அன்று ஜெபியுங்கள்.

ஜெபிப்போம்: படைப்பின் ஆண்டவரே, இலைகளில் நீர் மறைத்து வைத்ததைத் தேடிக் கண்டவர்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் அறியாமையையும், அதைவிட எங்கள் மௌனத்தையும் மன்னியும. பயந்திருக்கிற எங்கள் சகோதரிகளுக்குத் தைரியத்தையும், அவர்களோடு நடக்க எங்களுக்குக் கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.